சிவப்புக் கோடு

பதினாறு பக்கம், நாற்பது பிரதி,
நடுவில் கம்பி இரண்டு.
அளிக்கம்பையிலிருந்து ரொசலின் கொண்டுவந்த கொப்பியில்
ஒரு நரி பள்ளிக்கூடம் போகிறது.
எழுத்து தமிழ். பேச்சு தெலுங்கு,
அவங்கட வீட்டுக்குள்ளே புழங்குகிற தெலுங்கு.

அக்கரைப்பற்று அச்சகத்தில்
கலியாணக் கார்டும் கடை ரசீதும்
அடித்துப் பழகிய விரல் எனக்கு.
முதல் வரி தட்டினேன்.
கணினி அந்த வரி முழுக்கச்
சிவப்புக் கோடு இழுத்தது.
இரண்டாம் வரிக்கும் இழுத்தது.

நரிக்கு அவர்கள் சொல் நக்க.
பூனைக்குப் பில்லி.
சமீம் நானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"நக்கவும் பில்லியும் போட்டு
சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகமா?
சூனியக்காரன்ட விளம்பரம் எண்டு நினைப்பாங்க கிளி" என்றார்.
ரொசலின் சிரித்தாள். நானும்.

மூன்றாம் பக்கத்தில் நரி போய்ச் சேர்ந்த இடம்: படி.
"எந்தப் படி? ஏறுகிற படியா?"
"படி இல்ல டீச்சர், பள்ளிக்கூடம்.
உதட்டை ஒட்டிவச்சு
உள்ளுக்க ஒரு முழக்கம் குடுங்க."
(நான் டீச்சர் இல்லை. சொல்லவில்லை.)
முழக்கம் கொடுத்தேன், வந்தது.
விசைப்பலகையில் அதற்கு விசை இல்லை.
கீழே புள்ளி வைப்போமா,
மேலே கோடு போடுவோமா,
எழுத்தைத் தடிப்பாக்குவோமா என்று
ஒரு பின்னேரம் முழுக்கப் போயிற்று.
தேத்தண்ணி இரண்டு தரம் ஆறியது.

ஏழாம் பக்கம் இன்னும் மோசம்.
ஏடு என்றால் ஏழு. ஏடு என்றால் அழு.
எண்ணிவைத்த ஏழு மீனையும் காணாமல்
பூனை அழுகிற இடத்தில்
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.
எனக்கு ஏடு என்றால் தாள்.
மூன்றையும் அந்த ஒரே தாளில் விட்டுவிட்டுக்
கையை எடுத்தேன்.

அட்டைக்குப் பாம்பு போடலாம் என்றார் நானா.
படமெடுத்து, பெட்டியிலிருந்து எழும்பி,
நாலு கலரில்.
ரொசலின் கொப்பியை மூடினாள்.
"ஆர் வந்தாலும் எங்களிட்டப் பாம்பைத்தான் கேக்கிறாங்க.
இது நரியும் பூனையும்."
நானா கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கினார்.
அட்டையில் நரியும் பூனையும்.

திங்கட்கிழமை முதல் படியைக் கொண்டுபோனாள்.
இந்தப் படி வேறு. அச்சுப்படி.
புதன் திரும்பி வந்தாள்.
புள்ளியும் வேணாம், கோடும் வேணாமாம்.
பள்ளிக்கூடம் வருகிற இடத்தில்
பிள்ளைகள் வாயில் 'ப' தானாக முழங்குதாம்.
பால் வருகிற இடத்தில்
முழங்காமல் இருக்குதாம்.
ஆரும் சொல்லிக் குடுக்கல்ல.
அவளுடைய மகன் யூட் மட்டும்,
எதைக் கேட்டாலும் தமிழில் பதில் சொல்கிறவன்,
நக்க என்று வாசித்துவிட்டு
நாக்கை நீட்டிப் புத்தகத்தையே நக்கினானாம்.
மறுகா முழு வகுப்பும் நக்கியதாம்.
"தாள் நனைஞ்சு போச்சு, வேற அடிச்சுத் தாங்க,
நரிக்கும் ஒரு நாக்குப் போடுங்க,
நீளமா."

போட்டேன். இரண்டாம் பக்கத்திலிருந்து
மூன்றாம் பக்கம் வரைக்கும் நீளுகிற நாக்கு.

அன்று இரவு கடை மூடுமுன்
ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து
அகராதியில் சேர், அகராதியில் சேர் என்று
நூற்றுப் பன்னிரண்டு தரம் அழுத்தினேன்.
கோடு ஒவ்வொன்றாக விட்டுப்போனது.
ஏன் அழுத்தினேன் என்று தெரியாது.
புத்தகம் அடித்து முடிந்திருந்தது,
காசும் பாதி வந்திருந்தது.

போன கிழமை
பஜார் உடுப்புக்கடைக்கு ஒரு அறிவித்தல்:
வாகனம் நிறுத்த இடம் இல்லை.
அவசரத்தில் விரல் வழுக்கி
இடம் இல்லு என்று விழுந்தது.
கணினி ஒன்றும் சொல்லவில்லை.
அதற்கு அந்தச் சொல் தெரியும்.
இல்லு என்றால் வீடு.

கடைக்காரப் பொடியன் வெளியே
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் நின்றான்.
கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துவிட்டு,
திருத்திக் கொடுத்தேன்.